5,000 ரூபாயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்: காசிமேடு சொல்லிக்கொடுத்த வியாபாரக் கணக்கு



"ப்ரோ, கையில 50,000 இருக்கு. வேலைய விடாம சைடுல என்ன பிசினஸ் பண்ணலாம்?"

நம்ம சேனலுக்கு மாசம் தவறாம வர்ற கேள்வி இது. கேக்குறவங்க பெரும்பாலும் 23-லேர்ந்து 30 வயசுக்குள்ள இருக்கிறவங்க. சம்பளம் 25,000, 30,000, 40,000. ஒரு பக்கம் வாடகை, இன்னொரு பக்கம் பைக் இஎம்ஐ. மாசக் கடைசியில மிஞ்சுறது ரெண்டாயிரம் மூவாயிரம். "இப்படியே போனா எப்ப செட்டில் ஆகுறது?" என்கிற பயம்தான் இந்தக் கேள்விக்குப் பின்னால இருக்கு. அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அதனாலதான் இன்னைக்கு பத்து பிசினஸ் ஐடியா லிஸ்ட் போடாம, நான் சொந்தமா விட்ட காசைப் பத்தி எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். சம்பளத்துல இருக்கிற ஒருத்தர் சைடு பிசினஸ் ஆரம்பிக்க 50,000 தேவையே இல்லை. 5,000 போதும். அந்த 5,000 எத்தனை தடவை சுத்தி வருது, அதுக்கு நீங்க எத்தனை மணி நேரம் கொடுக்குறீங்க, வியாபாரமே நடக்காத மாசத்துக்கு என்ன எடுத்து வச்சிருக்கீங்க, இந்த மூணு கேள்விக்கும் பதில் இல்லாம கடன் வாங்கி இறங்கினா, அடி நிச்சயம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கோர்ஸும் இல்லை. காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் என் பெரியம்மாவும்தான்.

நான் என்ன பண்ணேன்?

நான் வளர்ந்தது தண்டையார்பேட்டை. வேலை ஓஎம்ஆர்ல. சில வருஷம் முன்னாடி, ஆபீஸ்ல யாரோ "நல்ல ஃப்ரெஷ் மீனே கிடைக்க மாட்டேங்குது"ன்னு சொன்னாங்க. எனக்கு உடனே பல்பு எரிஞ்சது. காசிமேடு நம்ம ஏரியா. ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் போய் வாங்கி, வெட்டி, சுத்தம் பண்ணி, அப்பார்ட்மென்ட்ல கொண்டு போய் கொடுத்தா என்ன? வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சேன். மொத வாரமே 15 வீடு.

இதுவரைக்கும் சரி. அடுத்து பண்ணதுதான் தப்பு. "பிசினஸ்னா சீரியஸா பண்ணணும்"னு 60,000 ரூபாய் பர்சனல் லோன் போட்டேன். 16 சதவீத வட்டி, 24 மாசம், மாசம் கிட்டத்தட்ட 2,940 ரூபாய் இஎம்ஐ. டீப் ஃப்ரீஸர், ஐஸ் பாக்ஸ், எலெக்ட்ரானிக் தராசு, கவர் ஒட்டுற மெஷின், லோகோ போட்ட கவர். ஆரம்பிச்சது ஜனவரி. ஏப்ரல் 15 வந்தது.

காசிமேட்டுக்காரங்களுக்கு அந்தத் தேதி என்னன்னு தெரியும். நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்னாடி 45 நாளா இருந்தது, 2017-லேர்ந்து 61 நாள். அந்த ரெண்டு மாசம் துறைமுகத்துல படகெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுக்குத் தடை கிடையாது. மேற்குக் கடற்கரையில தடை ஜூன் மாசம்தான் ஆரம்பிக்கும்கிறதால கேரளா பக்கத்து மீனும் வரும். அதனால மீன் முழுசா நின்னு போகாது. ஆனா வரத்து குறையும், விலை ஏறும். என் கஸ்டமர் முந்தின வாரம் கொடுத்த விலையையே கொடுப்பேன்னு சொன்னா நான் எங்க போறது? ஃப்ரீஸர்ல வச்சிருந்த மீனை "ஐஸ் மீனா? வேண்டாம்"னு ஒதுக்கிட்டாங்க. ஃப்ரெஷ் மீனுன்னு சொல்லித்தானே நானே அவங்களைச் சேர்த்தேன்!

துறைமுகத்துக்குத் தடைக்காலம் உண்டு. இஎம்ஐக்குத் தடைக்காலம் கிடையாது. ரெண்டு மாசத் தவணை 5,880 ரூபாய் சம்பளத்துலேர்ந்து போச்சு. ஜூன் மாசம் குரூப்பை மூடிட்டேன். 60,000-க்கு வாங்கின சாமானை 24,000-க்கு வித்தேன். அதுல 36,000 நஷ்டம். லோன் வட்டி மொத்தம் 10,500. ஜனவரியிலேர்ந்து ஏப்ரல் வரை 14 ஞாயிறு, வாரம் சராசரியா 900 ரூபாய் மிச்சம், ஆக 12,600 வரவு. கூட்டிக் கழிச்சா 33,900 ரூபாய் கையை விட்டுப் போச்சு. கிட்டத்தட்ட ஒரு மாச சம்பளம்.

காசிமேட்டுப் பக்கமே பிறந்து வளர்ந்தவனுக்கு ஏப்ரல் 15 ஞாபகம் இல்லையான்னு நீங்க கேக்கலாம். பெரியம்மாவும் அதையேதான் கேட்டாங்க. "ஏண்டா, கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் பாத்த, காலண்டர பாக்கலியா?"

பெரியம்மாவோட கணக்கு

பெரியம்மா 30 வருஷத்துக்கு மேல மீன் வியாபாரம் பண்ணவங்க. காசிமேட்டுல ஏலம் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிடும். ரெண்டு மணி, மூணு மணிக்கே துறைமுகம் பகல் மாதிரி இருக்கும். ஏலத்துல போற மீன் பெரிய அளவுல போகும், கூடைக்காரம்மா ஒருத்தரால அதை எடுக்க முடியாது. அதனால நாலஞ்சு பெண்கள் சேர்ந்து ஒரு ஏலத்தை எடுத்து, அங்கேயே கூறு போட்டுப் பிரிச்சுக்குவாங்க. இன்னைக்கு நாம 'பல்க் பையிங்', 'கோ-பையிங்'னு பேர் வச்சு வீடியோ போடுறோம். அவங்க அதுக்குப் பேர் கூட வைக்கலை.

அவங்க முதலீடு எவ்வளவு? சில ஆயிரம். விடியக்காலம் மூணு மணிக்கு மீனா மாறும், மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பப் பணமா மாறும். அதே பணம் மறுநாள் மறுபடி மீனாகும். மாசம் 25 நாள், வருஷத்துக்கு பத்து மாசம்னு வச்சாக் கூட, ஒரே தொகை 250 தடவை சுத்துது. என் 60,000 என்ன ஆச்சு? ஃப்ரீஸரா மாறி மூலையில உக்காந்துச்சு. ஒரு தடவை கூட முழுசாத் திரும்பி வரலை.

பெரியம்மா பாஷையில: "துட்டு பொட்டில தூங்கக் கூடாதுடா. மீனு மாரிதான் அதுவும், ரெண்டு நாளு வச்சா நாறிடும்."

சின்ன முதலீட்டுல ஆரம்பிக்கிறவங்க இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும். மெஷின், ஃபர்னிச்சர், லோகோ, போர்டு இதுல போற பணம் தூங்குற பணம். சரக்குல போய் சீக்கிரம் திரும்பி வர்ற பணம் உழைக்கிற பணம். முதல் ஆறு மாசம் உங்க காசுல பத்துல எட்டு பங்கு உழைக்கிற பணமா இருக்கணும். வாடகைக்குக் கிடைக்கிறதை வாங்காதீங்க. வீட்டுல இருக்கிற தராசே போதும்னா அது போதும்.

ஆனா, அவங்க ஏன் பணக்காரங்க ஆகலை?

இந்த இடத்துல பல பேர் தப்பான பாடம் சொல்லுவாங்க. "பாருங்க, தினமும் 2 மணிக்கு எழுந்திருக்காங்க, டிசிப்ளின் இருந்தா ஜெயிக்கலாம்"னு. டிசிப்ளின்ல பெரியம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்புறம் ஏன் அவங்க 30 வருஷமும் அதே கூடை, அதே இடத்துல இருந்தாங்க?

வட்டி.

அவங்க இளவயசுல காலையில துறைமுகத்துக்கு வந்ததும் வட்டிக்காரரைப் பார்ப்பாங்க. ஆயிரம் ரூபாய்னு பேரு, கையில வர்றது 900. சாயங்காலம் ஆயிரமா திருப்பிக் கொடுக்கணும். 900-க்கு ஒரே நாள்ல 100 ரூபாய் வட்டி. அதாவது ஒரு நாளைக்கு 11 சதவீதம். மாசம் 25 நாள்னா 2,500. பத்து மாசத்துல 25,000. வெறும் 900 ரூபாயை உபயோகிக்க 25,000 ரூபாய்!

இது ஏதோ ஒரு குடும்பத்துக் கதைன்னு நினைக்காதீங்க. நோபல் பரிசு வாங்கின பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011-ல வந்த அவங்க 'புவர் எகனாமிக்ஸ்' புத்தகத்துல நம்ம சென்னை பழம், காய்கறி வியாபாரிகளைப் பத்தி எழுதியிருக்காங்க. காலையில ஆயிரம் ரூபாய் சரக்கைக் கடனுக்கு எடுத்து, ராத்திரி சராசரியா 1,046.90 ரூபாய் கட்டுறாங்க. ஒரு நாளைக்கு 4.69 சதவீதம். நாம கிரெடிட் கார்டுல மாசம் மூணரை சதவீதம்னா அலர்றோம். அவங்க ஒரே நாள்ல அதைவிட அதிகம் கட்டுறாங்க.

இந்த மாதிரி வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டுல 2003-லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. சட்டம் இருக்கு. ஆனா விடியக்காலம் மூணு மணிக்கு கையில 900 ரூபாய் கொடுக்குற பேங்க் எது?

"சரி, அந்தக் கடனை ஒரே தடவையா அடைச்சுட்டா பிரச்சினை தீர்ந்துடுமே?" நானும் அப்படித்தான் நினைச்சேன். அதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத்னு மூணு ஆராய்ச்சியாளர்கள், இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளோட அதிக வட்டிக் கடனை முழுசா அடைச்சுக் கொடுத்தாங்க. 2019-ல வெளியான அந்த ஆய்வோட முடிவு என்ன தெரியுமா? பெரும்பாலானவங்க ஆறு வாரத்துக்குள்ள மறுபடி கடன்ல இருந்தாங்க.

இதைப் படிச்சுட்டு "பாத்தியா, அவங்களுக்குப் பொறுப்பு இல்லை"ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. பெரியம்மா வீட்டை நான் பார்த்திருக்கேன். குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு சாவு, ஸ்கூல் ஃபீஸ், நாலு நாள் மழை. இதுல எது வந்தாலும் கைவைக்க இருந்த ஒரே பணம் மறுநாள் மீன் வாங்குற பணம்தான். அதுல கை வச்சா, அடுத்த நாள் காலையில வட்டிக்காரர்தான். கடன் அடைஞ்சாலும் அவசரத்துக்குன்னு தனிப் பணம் இல்லாததால அதே குழியில விழுறாங்க.

பெரியம்மா வெளியே வந்தது எப்படி? மகளிர் சுய உதவிக் குழு வழியா முதல்ல கொஞ்சம் கடன் கிடைச்சது. கூடவே கூடைக்காரப் பெண்கள் நாலஞ்சு பேர் தினம் ஆளுக்கு 20 ரூபாய்னு ஒரு சீட்டு ஆரம்பிச்சாங்க. 250 நாள்ல 5,000. அதை ஏப்ரல் 15-க்கு முன்னாடி யாரும் தொடக் கூடாது. அதுதான் விதி. குழுக் கடன் வட்டியைக் குறைச்சது, சீட்டு மறுபடி வட்டிக்காரர்கிட்ட போகாம காப்பாத்துச்சு. ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்திருந்தா தப்பிச்சிருக்க மாட்டாங்கன்னு அவங்களே சொல்லுவாங்க.

அரசும் இதே யோசனையைத்தான் திட்டமா வச்சிருக்கு. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துல மீனவர் தன் பங்கா 1,500 ரூபாய் கட்டினா, மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து, வருமானம் இல்லாத மாசங்கள்ல 4,500-ஆத் திருப்பிக் கொடுக்கும். தொகை சின்னதுதான். ஆனா வரும்படி இருக்கிற மாசத்துல எடுத்து வைக்கணும்கிற எண்ணம் சரியானது.

சென்னைக்கு இது புதுசும் இல்லை. 1978-லயே ஜெயா அருணாசலம் இங்க 'ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம்' ஆரம்பிச்சு, தெருவோர வியாபாரம் பண்ற பெண்களை அக்கம்பக்கத்துக் குழுக்களாச் சேர்த்து பேங்க்ல சின்னக் கடன் வாங்கிக் கொடுத்தாங்க. பங்களாதேஷோட கிராமீன் பேங்க் தனி வங்கியா ஆனது 1983-ல. அதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல நடந்த வேலை இது.

உங்களுக்கும் எனக்கும் இதுல என்ன இருக்கு?

நம்மகிட்ட பெரியம்மாகிட்ட இல்லாத ஒண்ணு இருக்கு. மாசம் ஒண்ணாம் தேதி வர்ற சம்பளம். வட்டி இல்லாத முதலீடும் அதுதான், தடைக்காலத்துல சோறு போடுறதும் அதுதான். அப்படி ஒண்ணு கையில இருக்கும்போது, சைடு பிசினஸுக்காக பர்சனல் லோன், லோன் ஆப், கிரெடிட் கார்டு ஈஎம்ஐன்னு போறது, பெரியம்மா 20 வருஷம் போராடி வெளியே வந்த குழிக்குள்ள நாமளா டிக்கெட் எடுத்து இறங்குற மாதிரி.

"வேலையை விட்டாத்தான் வெறி வரும்"னு சொல்ற மோட்டிவேஷன் வீடியோக்களை நான் நம்புறதில்லை. மெரினாவில தள்ளுவண்டியில ஆரம்பிச்சு, 2010-ல ஃபிக்கி அமைப்போட சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வாங்கின பட்ரீஷியா நாராயண் கதையை எல்லாரும் சொல்லுவாங்க. 1982-ல முதல் நாள் அவங்க வித்தது ஒரே ஒரு காபி, 50 காசு. இதைத்தான் எல்லாரும் பிடிச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி அவங்க வீட்டுலயே ஜாம், ஊறுகாய் போட்டு அம்மாவோட ஆபீஸ்ல வித்துப் பார்த்தாங்க என்கிறதை யாரும் சொல்ல மாட்டாங்க. தன் கைப்பக்குவத்துக்கு ஜனங்க காசு கொடுப்பாங்களான்னு சின்னதா சோதிச்சுட்டுத்தான் வண்டியைத் தள்ளினாங்க. எனக்கு 50 காசு காபியைவிட அந்த ஊறுகாய்தான் முக்கியம்.

நேரத்துக்கும் விலை போடுங்க

என் முதல் முயற்சியில காசுக் கணக்கையாவது அரைகுறையா எழுதினேன். நேரக் கணக்கை எழுதவே இல்லை. பின்னாடி உக்காந்து எழுதினேன். ஒரு வாரக் கணக்கு இது:

15 வீட்டுக்கு மீன் வாங்கின செலவு 9,000. வித்தது 11,250. வித்தியாசம் 2,250.
வெட்டு கூலி 600, ஐஸும் கவரும் 200, பெட்ரோல் 250, மிஞ்சி வீணானது 300. மொத்தம் 1,350.
கையில நின்னது 900.

நேரம்: சனிக்கிழமை "வஞ்சிரம் இருக்கா? சங்கரா என்ன ரேட்டு? தலை வேணாம்"னு வர்ற மெசேஜுக்கு பதில் ஒன்றரை மணி. ஞாயிறு விடியக்காலம் மூன்றரையிலேர்ந்து பத்தரை வரை ஏழு மணி. வாரம் முழுக்க "ப்ரோ, ஜிபே பண்ணிட்டீங்களா?"ன்னு வசூல் ஒன்றரை மணி. மொத்தம் பத்து மணி நேரம்.

900-ஐ பத்தால வகுத்தா மணிக்கு 90 ரூபாய். என் சம்பளம் அப்ப 35,000. வாரம் 48 மணி நேர வேலைன்னு கணக்குப் போட்டா மணிக்கு 168 ரூபாய். ஆபீஸ்ல கிடைக்கிறதுல பாதிக்குச் சற்று மேல சம்பாதிக்க, என் ஒரே லீவு நாளையும் தூக்கத்தையும் வித்திருக்கேன். திங்கட்கிழமை ஆபீஸ்ல கொட்டாவி விட்டது தனிக் கணக்கு.

போன வருஷம் மறுபடி ஆரம்பிச்சேன். இந்தத் தடவை 5,000 ரூபாய், கடன் இல்லை. பெரியம்மா சொன்ன ரெண்டு மாற்றம்.

முதல் மாற்றம்: "ஏலத்துக்கு ஒரு நேரம் இருக்கு. லேட்டா வந்தவனுக்காவ எவனும் மறுபடி கூவ மாட்டான்." அதனால ஆர்டர் சனிக்கிழமை சாயங்காலம் 6 மணியோட மூடல். யுபிஐல பணம் வந்தாத்தான் ஆர்டர். மூணே வகை மீன். வாங்குறது வந்த ஆர்டருக்கு மட்டும், அதனால மிச்சம் விழாது. கஸ்டமர் பணத்துலயே மீன் வாங்குறதால, என் 5,000 பெரும்பாலும் தொடப்படவே இல்லை.

ரெண்டாவது மாற்றம்: பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு அப்பார்ட்மென்ட் மட்டும். "பெருங்குடிக்கு கொண்டு வருவீங்களா?"ன்னு கேட்டா, மாட்டேன்.

அதே 15 வீடு, அதே 2,250. வெட்டு கூலி 600, ஐஸ் கவர் 200, பெட்ரோல் 150. மிச்சம் 1,300. நேரம் ஆறு மணி. மணிக்கு 216 ரூபாய். வியாபாரம் ஒரு ரூபாய் கூட வளரலை. ஒழுங்கு மட்டும்தான் வந்தது.

நேர மேலாண்மைன்னா காலையில 4 மணிக்கு எழுந்திருக்கிறதுன்னு ஒரு கூட்டம் சொல்லிட்டு இருக்கு. பெரியம்மா 2 மணிக்கு எழுந்தது பழக்கத்துக்காக இல்லை, ஏலம் அந்த நேரத்துல நடக்குது. அதே பெரியம்மா மத்தியானம் ரெண்டுலேர்ந்து நாலரை வரைக்கும் தூங்குவாங்க. அந்த நேரத்துல யார் வந்து கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டாங்க. எந்த நேரம் வியாபாரத்துக்கு, எந்த நேரம் உடம்புக்குன்னு கோடு போட்டாங்க. நம்மகிட்ட அந்தக் கோடு இல்லை. ராத்திரி 11 மணிக்கும் கஸ்டமருக்கு "எஸ் சார்" போட்டுட்டு இருக்கோம்.

52 ஞாயிறு இல்லை, 35 தான்

இப்ப வருஷக் கணக்கு. வாரம் 1,300-ஐ 52-ஆல பெருக்கிடாதீங்க. நான் ஜனவரியில பண்ண தப்பே அதுதான்.

தடைக்காலத்துல 9 ஞாயிறு போச்சு. புரட்டாசி வந்தா பாதி வீட்டுல மீன் வாசமே கிடையாது, அதுல 4. புயல் எச்சரிக்கை, மழை, ஊர்ல கல்யாணம், எனக்குக் காய்ச்சல், அதுக்கு 4. மிச்சம் 35. 35 ஞாயிறு, வாரம் 1,300-ன்னா வருஷத்துக்கு 45,500. மாசத்துக்குப் பிரிச்சா கிட்டத்தட்ட 3,800.

"இவ்வளவுதானா?"ன்னு தோணுதா? ஆமா, இவ்வளவுதான். 'சைடு இன்கம்ல மாசம் ஒரு லட்சம்'னு தம்ப்நெயில் போடுறவங்க கணக்கு எனக்குத் தெரியாது. என் கணக்கு இது. ஆனா இந்த 3,800 கடன் இல்லாத 3,800. நாளைக்கே நிறுத்தினாலும் எனக்கு நஷ்டம் ஒண்ணுமில்லை. இன்னும் முக்கியமா, வாங்குறது, விக்கிறது, வசூல் பண்றது, வேணாம்னு சொல்றது எல்லாம் கத்துக்கிட்டேன். பின்னாடி பெருசா ஏதாவது பண்ணணும்னா இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

எதிர்பாராதது வரும் என்பதையும் கணக்குல வைங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் பக்கம் எண்ணெய் கசிஞ்சு கழிமுகம் எல்லாம் பரவுச்சு. மீனவங்களோட படகும் வலையும் எண்ணெயில ஊறிப் போச்சு. அதுல அவங்க தப்பு என்ன இருக்கு? எவ்வளவு ஒழுங்கா இருந்தாலும், உங்க கையில இல்லாத காரணத்தால வியாபாரம் நிக்கும். உங்க தொழில் மீனா இல்லாம இருக்கலாம். ஆனா எல்லாத் தொழிலுக்கும் ஒரு ஏப்ரல் 15 இருக்கு. ட்யூஷன்னா கோடை லீவு. கேக் ஆர்டர்னா பண்டிகை முடிஞ்ச மாசம். துணின்னா தீபாவளிக்கு அடுத்த நாள். உங்களோடது எந்தத் தேதின்னு கண்டுபிடிச்சு காலண்டர்ல வட்டம் போட்டுட்டு அப்புறம் ஆரம்பிங்க.

ஆரம்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

1. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைப் படிங்க. வேற தொழில் கூடாதுன்னு விதி இருந்தா எழுத்துல அனுமதி கேளுங்க. அரசு ஊழியர்னா நடத்தை விதிகள் இன்னும் கடுமை. ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் லேப்டாப்ல வியாபாரம் வேண்டவே வேண்டாம்.

2. முதலீடு ஒரு மாச சம்பளத்துல ஏழுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. முழுசா போனாலும் வாடகை கட்ட முடியணும். இது சட்டம் இல்லை, நான் அடிபட்டு வச்சுக்கிட்ட அளவு.

3. உணவு சம்பந்தப்பட்டதுன்னா உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்க. சின்ன வியாபாரத்துக்கு வருஷக் கட்டணம் 100 ரூபாய்தான். உத்யம் பதிவு ஆன்லைன்ல இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீங்க.

4. வியாபாரத்துக்குத் தனி சேவிங்ஸ் அக்கவுன்ட், தனி யுபிஐ. லாபத்துல அஞ்சுல ஒரு பங்கு 'தடைக்காலப் பணம்'. அதைத் தொடக் கூடாது.

5. வியாபார வருமானம் வந்தா, சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 செல்லாது. உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4 போடலாம். ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

6. ஆறு மாசத்துக்கு அப்புறம் ஒரு மணி நேர வருமானத்தைக் கணக்குப் போடுங்க. சம்பளத்தோட மணிக் கணக்கைவிடக் குறைவா இருந்து, ஏறுற வழியும் தெரியலைன்னா நிறுத்திடுங்க. நிறுத்துறது தோல்வி இல்லை. அந்த நேரத்துல வேலைக்கு உதவுற ஒரு திறமையைக் கத்துக்கிட்டா அதுவும் முதலீடுதான்.

கடைசியா ஒண்ணு

பெரியம்மாவோட முட்டி தேஞ்சு போச்சு. இப்ப கூடை தூக்குறதில்லை. அவங்க உழைப்பை 'இன்ஸ்பிரேஷன்'னு சொல்லி லைக் வாங்க எனக்கு மனசு வரலை. அவங்ககிட்ட திறமை இருந்தது, நேரம் தவறாமை இருந்தது, பணத்தைச் சுத்த விடத் தெரிஞ்சிருந்தது. குறைஞ்ச வட்டியில 900 ரூபாய் மட்டும் கிடைக்கலை. நான் 33,900 ரூபாயை விட்டப்ப, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடுச்சு. அவங்க 900 ரூபாயை விட்டிருந்தா அன்னைக்கு வீட்டுல உலை கொதிச்சிருக்காது. ரெண்டு பேரும் பண்ணதுக்குப் பேரு 'சின்ன பிசினஸ்'தான். ஆனா ரெண்டும் ஒண்ணில்லை.

அதனால ரெண்டு வேண்டுகோள். உங்க தெருவுல மீன், பூ, காய் விக்கிறவங்க யாராவது தினவட்டிக்கு வாங்குறாங்கன்னு தெரிஞ்சா, பிஎம் ஸ்வநிதி திட்டத்தைப் பத்திச் சொல்லுங்க. தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல 10,000 ரூபாய் முதல் கடனோட ஆரம்பிச்ச திட்டம், அடமானம் கேக்க மாட்டாங்க, ஒழுங்காக் கட்டினா 7 சதவீத வட்டி மானியம் உண்டு. விண்ணப்பம் போட அவங்களுக்கு போன்ல பத்து நிமிஷம் உதவி பண்ணுங்க. நம்ம படிப்பு அதுக்காவது பயன்படட்டும்.

இன்னொண்ணு, அடுத்த ஞாயிறு காசிமேட்டுக்குப் போனா, கூறு போட்டு உக்காந்திருக்கிற அக்காகிட்ட இருபது ரூபாய்க்கு மல்லுக்கட்டாதீங்க. அவங்க அன்னைக்குக் காலையில எத்தனை ரூபாய் வட்டியோட அந்தக் கூடையை எடுத்தாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன வாரம் பெரியம்மாகிட்ட என் 45,500 கணக்கைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நோட்டை ரெண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாங்க. "எல்லாம் சரி. ஏப்ரலுக்கு எவ்ளோ எடுத்து வச்சிருக்க?"ன்னு கேட்டாங்க.

9,100-ன்னு சொன்னேன். நோட்டை மூடி என் கையில கொடுத்தாங்க. "அப்ப பொழச்சிக்குவ."